உள்ளே இருப்போர்

ஞானதுரைக்கு எதையும் சேர்த்து வைக்கப் பிடிக்காது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடுவார். செல்போனில் வரும் செய்தியைப் படித்த கையோடு அழித்துவிடுவார். அவர் வீட்டில் கல்யாண ஆல்பம் இன்னும் இருக்கிறதென்றால், அவர் மனைவி வின்சி அதைத் தன் பட்டுச்சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்ததுதான் காரணம்.

“என்னையும் ஒருநாள் பழைய பேப்பர்காரன் தராசுல ஏத்திருவாக இவுக” என்று வின்சி சர்ச்சுக்கு வரும் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

“தேவை முடிஞ்சிட்டுன்னா அது குப்பை தானட்டி” என்பார் ஞானதுரை. விளையாட்டாகச் சொல்வது போலிருக்கும். விளையாட்டில்லை, அதுதான் அவர் கொள்கை. சுத்தமான மனிதர்தான். ஆனால் சுத்தக்காரர்களுக்கென்று ஒரு மிதப்பு உண்டு. அது அவருக்கும் கொஞ்சம் இருந்தது.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில். வேலை, ராஜபாளையம் போகிற வழியில் ஒரு நூல்மில்லில். டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர். மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், தொட்டால் கெட்டுவிடும், கெட்டால் நம் தலையில் விடியும் என்று மற்ற கிளார்க்குகள் ஒதுங்கி நிற்க, இவர் மட்டும் போய் அதன் முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. படிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ராஜபாளையத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் சாயங்கால வகுப்பு, மிச்சமெல்லாம் தானே தட்டித் தடவிக் கற்றது. மில்லில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவர் சிஸ்டம் அண்ணாச்சி.

கேட்டில் கார்டு தேய்க்கிற ஏற்பாட்டை அவர்தான் செய்தார். உள்ளே வரும்போது தொழிலாளி கார்டைத் தேய்த்தால், ‘உள்ளே இருப்போர்’ என்கிற அட்டவணையில் அவர் பெயர் ஏறும். போகும்போது தேய்த்தால் இறங்கும். ஆரம்பத்தில் அந்த அட்டவணை ஹார்டு டிஸ்கில் இருந்தது. அரதப் பழைய டிஸ்க். ஒவ்வொரு கார்டுக்கும் அது முக்கி முனகி எழுதி முடிப்பதற்குள் ஷிப்டு மாறும் நேரத்தில் கேட்டில் கூட்டம் தெப்பக்குளம் மாதிரி தேங்கிவிடும். வெளியே மில் பஸ் ஆரனை அழுத்திக்கொண்டு நிற்கும். “ஏன் அண்ணாச்சி, ஒங்க டப்பாவுக்கு மூச்சு வாங்குதோ?” என்று பெண்கள் கேலி பேசுவார்கள். அந்தக் கேலி அவருக்கு ரொம்ப உறைத்தது.

யோசித்துப் பார்த்தார். இந்த நிமிஷம் மில்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை எதற்காக டிஸ்கில் எழுத வேண்டும்? ஒரு ஆள் வெளியே போன மாத்திரத்தில் அந்த வரிக்கு வேலை முடிந்தது. எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்கிற கணக்கை மட்டும் டிஸ்கில் எழுதினால் போதுமே. ஒரு ஷிப்டு மட்டும் உயிர் வாழ்கிற தற்காலிக அட்டவணையை மெமரியிலேயே வைத்துக்கொண்டால் என்ன? அலமாரியைத் திறந்து பூட்டித் திறந்து பூட்டி அல்லாடாமல், காகிதத்தை மேஜை மேலேயே விரித்து வைத்துக்கொள்வது போன்ற காரியம். கைக்கு வசதி. ஆனால் காற்றடித்தால் போச்சு. கம்ப்யூட்டர் ஒரு தடவை அணைந்து எழுந்தால் அட்டவணையின் தலைப்பு மட்டும் அப்படியே நிற்கும், பெயர்கள் ஒன்றுகூட இருக்காது.

அது அவருக்குத் தெரியாமல் இல்லை. யூபிஎஸ் இருக்கிறது, அதற்கு மேல் ஜெனரேட்டர் இருக்கிறது, எங்கே அணையப்போகிறது என்று நினைத்தார். மாற்றிய மறுநாளே கேட்டில் வரிசை கரைந்துவிட்டது. மேனேஜர் தோளில் தட்டினார். ஞானதுரைக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம், வேலை முடிந்ததும் தானாகவே காலியாகிவிடுகிற ஒரு பொருளை இந்த உலகத்தில் தான் உண்டாக்கிவிட்டோம் என்பது. ஒவ்வொரு ஷிப்டு முடிவிலும் திரையில் அந்த ஷிப்டுக்குச் சைபர் தெரியும்போது, கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தைப் பார்ப்பதுபோல் மனசு நிறையும்.

கூடவே ஒரு சின்னக் காவலும் வைத்திருந்தார். ஷிப்டு முடிந்து நேரமாகியும் யாராவது உள்ளேயே இருந்தால் அவர் செல்போனுக்குச் செய்தி வரும். ‘உள்ளே இருப்போர்: 2’ என்பது மாதிரி. அவ்வளவுதான், பெயரெல்லாம் வராது. பெரும்பாலும் யாராவது கார்டு தேய்க்க மறந்திருப்பார்கள்.

கார்டை மறக்கவே மறக்காத ஒருத்தி உண்டு. சுடலைமாடத்தி. கழிவுப் பஞ்சு கூட்டுகிற வேலை. பிளவக்கல் பக்கம் பிறந்தவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, மில்லுக்குப் பக்கத்துக் காலனியில் ஒற்றை அறையில் தனிக்கட்டையாக இருந்தாள். பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி இளைப்பு வேறு. படிக்கத் தெரியாததால் தினமும் கேட்டில் நின்று கேட்பாள்.

“அண்ணாச்சி, எம் பேரு ஏறிட்டா?”

“ஏறிட்டு தாயி.”

சாயங்காலம், “எறங்கிட்டா?” 

“எறங்கிட்டு. போயிட்டு வா.”

அதற்கப்புறம்தான் காலை எடுத்து வெளியே வைப்பாள். 

ஆண்டு முழுக்க அணையாத அந்தக் கம்ப்யூட்டர் ஒரே ஒரு நாள் அணையும். ஆயுத பூஜை. அன்றைக்கு மில்லில் ஓடுகிற, சுற்றுகிற, எரிகிற எதுவும் ஓடாது. எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, கதவை அடைத்துவிடுவார்கள். மறுபடி நல்ல நேரம் பார்த்துப் பூசணிக்காய் உடைக்கும்வரை எந்த இயந்திரத்தையும் தொடக்கூடாது, பூஜை போட்ட அறையைத் திறக்கக்கூடாது. ஞானதுரை கிறிஸ்தவர், ஊர் வழக்கில் வேதக்காரர். ஆனாலும் வருஷா வருஷம் அன்றைக்குக் காலையில் மில்லுக்குப் போய்விடுவார். கூடத்துப் பூஜை முடிந்து கடைசித் தொழிலாளியும் வெளியேறி, திரையில் சைபர் வந்ததைக் கண்ணால் பார்த்து, தன் கையாலேயே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் வாட்ச்மேனும் எலக்ட்ரீசியனும் அதைத் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். இந்த முறை மாறக்கூடாது என்பதை அவர் யாருக்கும் சொல்லிவைத்ததில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. லீவு நாளாக இருக்கிறதே என்று அதே நாளில் சபையில் அசனம் வைத்துவிட்டார்கள். ஊர்கூடிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. சாம்பார் வாளி ஞானதுரையின் பொறுப்பு. அதனால் எலக்ட்ரீசியன் ராம்கியைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவைத்தார். “எல்லாரும் போன பொறவு திரையில என்ன நம்பர் நிக்கின்னு பாரு. சைபர் இருந்தா எனக்கு ஒரு போன் போட்டுட்டு ஆஃப் பண்ணிரு.”

ராம்கி சொன்னபடியே செய்தான். மத்தியானம் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது. ஞானதுரை வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டு பேசினார்.

“அண்ணாச்சி, சைபர் நிக்கி.”

“நல்லாப் பாத்தியா?”

“ஒத்தைச் சைபர் அண்ணாச்சி.”

“சரி, ஆஃப் பண்ணிரு.”

மில் அடைத்தாயிற்று. சனி விஜயதசமி, அடுத்து ஞாயிறு, திங்கட்கிழமைதான் திறப்பு.

அன்று வெயில் சாயும் நேரத்தில், சபை வளாகத்துக் குழாயடியில் அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஞானதுரையின் சட்டைப்பையில் செல்போன் ஒலித்தது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார்.

‘உள்ளே இருப்போர்: 1.’

மில் நம்பரில் இருந்துதான். காலையில் எப்போதோ கிளம்பியது டவர் கிடைக்காமல் இப்போது வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்தார். அழித்தார். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போது இன்னொன்று. அதே ஒன்று. அதையும் அழித்தார். ஆனால் இந்தத் தடவை விரல் கொஞ்சம் தயங்கியது. ராம்கியைக் கூப்பிட்டார், அவன் கூட்டாளிகளோடு செண்பகத்தோப்புப் பக்கம் போயிருந்தான், லைன் கிடைக்கவில்லை. மில் வாட்ச்மேன் கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டார்.

“உள்ள யாரும் இருக்காகளா பாண்டி?”

“யாரு இருக்கப் போறா? சாமி கும்பிட்டுப் பொரிய வாங்கிட்டு அம்புட்டுப் பேரும் போயாச்சு. பூட்டி எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு.”

“கம்ப்யூட்டர்?”

“அது ஒறங்குது அண்ணாச்சி. ராம்கி வயரையே புடுங்கிப் போட்டுட்டான்.”

வயரைப் பிடுங்கிய பெட்டி செய்தி அனுப்பாது. ஆகவே இது பழைய செய்தி. ஞானதுரை தன் மனசைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். அது அரை மனசாகத்தான் சமாதானமானது.

சனிக்கிழமை காலையில் காப்பி குடிக்கும்போது மறுபடியும் வந்தது. வின்சி எட்டிப் பார்த்தாள்.

“யாரது?”

“மில்லுலருந்து. யாரோ உள்ள இருக்காகன்னு வருது.”

“யாரு?”

“யாருமில்லை. மிஷினே ஓடலை.”

வின்சி அவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஓடாத மிஷின் எப்படிங்க சொல்லும்? ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்திருங்களேன்.”

போய்ப் பார்ப்பதொன்றும் கஷ்டமில்லை. வண்டியை எடுத்தால் காப்பி வாசனை வாயில் இருக்கும்போதே போய்விடலாம். தடுத்தது வேறு. பூஜை போட்டு அடைத்த இடம். மற்ற யாராவது திறந்தால் அவசரக்காரன் என்று ஒரு வார்த்தையோடு போய்விடும். வேதக்காரன் திறந்தால் அது வேறு பேச்சாகும். இத்தனை வருஷம் யார் மனதும் கோணாமல் நடந்துகொண்டவர் அவர்; அவர் வீட்டு கிறிஸ்துமஸ் பலகாரம் மில்லில் எல்லோர் வீட்டுக்கும் போகும், அவர்கள் வீட்டுப் பொங்கல் இவர் வீட்டுக்கு வரும். அதில் ஒரு கீறல் விழுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று அவரைக் கூப்பிட்டார். மேனேஜர் குடும்பத்தோடு குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ, போன் அணைத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். 

இதற்கிடையே செய்தி வந்துகொண்டேயிருந்தது. குளித்துவிட்டு வந்தால் ஒன்று. சட்டை மாட்டினால் ஒன்று. எல்லாம் அதே ஒன்று. ஞானதுரை முதல்தடவையாக ஒரு செய்தியை அழிக்காமல் விட்டார். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பூட்டிக் கிடக்கிற மில்லுக்குள்ளிருந்து யாரோ தன் சட்டையைப் பிடித்து மெதுவாக இழுப்பதுபோல இருந்தது அவருக்கு. எழுந்து போகவும் மாட்டாமல், சும்மா இருக்கவும் மாட்டாமல், முற்பகல் முழுவதையும் ஒரு அனுமதிக்காகக் காத்துக் கழித்தார்.

மேனேஜர் கூப்பிடவில்லை. ராம்கிதான் கூப்பிட்டான்.

“நேத்து கூப்பிட்டிருந்தீகளா அண்ணாச்சி? அங்கன லைனே இல்லை.”

“ராம்கி, நேத்து நீ நம்பரைப் பாத்தது எப்ப?”

“எல்லாரும் போன பொறவுதான். நீங்க சொன்னீகள்ல? அதுக்குத்தான திரும்ப ஆன் பண்ணுனேன்.”

ஞானதுரைக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. “திரும்பவா? அப்போ முன்னாடியே ஆஃப் பண்ணுனியா?”

“பூஜைக்கு முன்னாடி தொடைக்க வேண்டாமா? ஈரத்துணிய வச்சித் தொடைக்கையில கரண்டுல வச்சிக்கிட்டேவா தொடைப்பாக? காலையிலயே ஆஃப் பண்ணி, தொடைச்சி, பொட்டு வச்சி விட்டுட்டேன்.”

“அப்போ ஆளுக வெளிய போகையில கார்டு?”

“பொட்டிதான் ஆஃப்ல இருந்துச்சே. கருத்தப்பாண்டி அண்ணன் சும்மா போங்கன்னு விட்டுட்டாக. எல்லாரும் போன பொறவு ஒங்களுக்கு நம்பர் சொல்லணுமேன்னு ஒரு நிமிசம் ஆன் பண்ணிப் பாத்தேன். சைபர்.”

ஞானதுரை எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். காலையில் துடைக்கும்போதே அத்தனை பெயரும் போய்விட்டிருக்கிறது. பிறகு எழுந்த பெட்டி, உள்ளே ஒருவர் இருந்தாலும் நூறு பேர் இருந்தாலும், சைபர் என்றுதான் சொல்லும். ராம்கி கம்ப்யூட்டரைப் போட்டுக் கணக்குப் பார்ப்பான் என்று கருத்தப்பாண்டி எல்லோரையும் விட்டிருக்கிறான். கருத்தப்பாண்டி பார்த்திருப்பான் என்று ராம்கி நம்பியிருக்கிறான். இரண்டு பேரையும் நம்பி இவர் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். உண்மையில் யாருமே யாரையும் எண்ணவில்லை.

வண்டியை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. வழியில் சட்டைப்பைக்குள் போன் நெஞ்சை ஒட்டி ஒலித்துக்கொண்டே வந்தது. எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கருத்தப்பாண்டி முதலில் மறித்தான். “அண்ணாச்சி, திங்கக்கிழமை வரைக்கும் தொறக்கப்படாது. நாளைக்கு ஒண்ணு நடந்தா என்னையத்தான் கேப்பாக.”

“நான் பதில் சொல்லிக்கிடுதேன். தொற.”

அவர் முகத்தில் என்ன பார்த்தானோ, சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். ஸ்பின்னிங் கூடத்துப் படிக்கட்டுக்கு அருகில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. 

“இது?”

“பூஜையன்னைக்கு இதான நடக்கும். செருப்பைக் குவியலாப் போட்டுட்டு ஒருத்தர் செருப்பை ஒருத்தர் மாட்டிட்டுப் போயிருவாக. ஒரு சோடி எப்பவும் மிச்சம் விழும்.”

ஞானதுரை குனிந்து பார்த்தார். ஒரு செருப்பின் வார் அறுந்து, செம்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. தினமும் கேட்டில் நின்று பெயர் ஏறிவிட்டதா என்று கேட்கிறவளின் காலில் அவர் பார்த்திருந்த செருப்பு. இப்படிப்பட்டதை யாரும் தவறி மாட்டிக்கொண்டு போகமாட்டார்கள்.

“சுடலைமாடத்தி போனதை நீ பாத்தியா?”

“போயிருப்பா... கூட்டத்தோட கூட்டமா...” என்றான். 

கம்ப்யூட்டர் அறையை முதலில் திறந்தார்கள். வாடிய மாலையின் வாசனை. பெட்டியின் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பிடுங்கிய பிளக் வாழையிலையில் பொரியோடு கிடந்தது. செய்தி அனுப்புகிற சிம் கருவியையும் கழற்றி, ஒரு செம்பருத்திப் பூவோடு தாம்பாளத்தில் வைத்திருந்தார்கள். அந்த அறையில் உயிரோடு இருந்தது சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு பல்லி மட்டும்தான்.

ஞானதுரையின் கையிலிருந்த போன் ஒலித்தது. இருவருமே பார்த்தார்கள்.

‘உள்ளே இருப்போர்: 1.’

கருத்தப்பாண்டி தாம்பாளத்தையும் போனையும் பார்த்தான். சட்டென்று இடுப்பிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து நெற்றியில் அள்ளிப் பூசிக்கொண்டான். “அண்ணாச்சி, இது மனுசக் காரியமில்லை” என்றான். இது யார் காரியம் என்று யோசிக்கிற நிலையில் ஞானதுரை இல்லை. உள்ளே ஒருத்தி இருக்கிறாள், இன்னும் இருக்கிறாள், அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

ஸ்பின்னிங் கூடத்தின் கதவைத் தள்ளினார்கள். அத்தனை வருஷத்தில் மிஷின் சத்தமோ பூஜைச் சத்தமோ இல்லாமல் அந்தக் கூடத்தை அவர் பார்த்ததே இல்லை. பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் கேட்காத இடம் அது. இப்போது தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்டது. உயரத்து ஜன்னல் வழியாக மத்தியான வெயில் இறங்கியிருந்தது. பஞ்சுத்துகள் எழாமல் விழாமல் அந்த வெளிச்சத்தில் நின்றது. வரிசை வரிசையாக இயந்திரங்கள், எல்லாவற்றுக்கும் குங்குமப் பொட்டு. 

“தாயி!” என்று கூப்பிட்டார். குரல் கூடத்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. வேறு சத்தம் இல்லை. 

இயந்திரங்களுக்கு நடுவே தேடினார்கள். பஞ்சுப் பொதிகளுக்குப் பின்னால் பார்த்தார்கள். கழிவறை, கிடங்கு, எங்கும் இல்லை. 

“நேத்து காலையில அவளுக்கு எங்க வேலை?”

கருத்தப்பாண்டி நெற்றியைத் தேய்த்தான். “பூஜைக்குன்னு பொம்பளையாளுக எல்லாத்தையும் கூட்டிப் பெருக்குனாக... டக்டையும் கூட்டணும்னு சூப்பர்வைசர் சொல்லிக்கிட்டு இருந்தாரு.”

டக்ட் என்பது கூடத்தின் தரைக்கு அடியில் காற்று ஓடுகிற சுரங்கம். மேலே பறக்கிற பஞ்சுத்தூசியையெல்லாம் அதுதான் இழுத்துக்கொள்ளும். ஆள் குனிந்து நிற்கிற உயரம். இறங்க ஒரே ஒரு வழி, தரையோடு தரையாக ஒரு இரும்பு மூடி. இருவரும் அந்த மூலையை நோக்கி ஓடினார்கள். மூடியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் நூல் பாபின் நிறைத்த தள்ளுவண்டிகள் நெருக்கி நின்றன. பூஜைக்குக் கூடத்து நடுவில் இடம் வேண்டுமென்று, திறந்திருந்த மூடியைச் சாத்தி, எல்லா வண்டிகளையும் அந்த மூலைக்குத் தள்ளி, சக்கரத்துக்குச் செங்கல் கொடுத்து, சந்தனம் தெளித்து, ஒரே மாலையால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மைக்செட்டில் பாட்டு அலற, மணி அடிக்க, அடியிலிருந்து இளைப்புக்காரி ஒருத்தி தட்டினால் யார் காதில் விழும்?

“மாலைய அவுக்கணுமே அண்ணாச்சி...” என்றான் கருத்தப்பாண்டி. 

ஞானதுரை அதை ஒரே இழுப்பில் அறுத்து எறிந்தார். செங்கல்லை உதைத்துத் தள்ளினார். வண்டி பாரம்; இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ள ஒவ்வொன்றாக நகர்ந்தது. ஒவ்வொன்று நகரும்போதும் நிறுத்தி, தரையில் காதை வைத்தார். ஒரு வண்டியை நகர்த்தியபோது கீழே ஏதோ உரசியது மாதிரி இருந்தது. நகத்தால் இரும்பைச் சுரண்டுகிற சத்தம். பிறகு அது இல்லை. 

“வாரோம் தாயி! இந்தா வந்துட்டோம்!” 

கடைசி வண்டி மூடியின் விளிம்பை விட்டு இறங்கியது. போன் ஒலித்தது.

கையெல்லாம் கிரீஸோடு எடுத்துப் பார்த்தார். 

‘உள்ளே இருப்போர்: 0.’

கருத்தப்பாண்டி எட்டிப் பார்த்தான். அப்படியே தரையில் குந்தி, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். “அப்பாடி. சைபர் வந்துட்டு பாத்தீகளா? நான் நேத்தே சொன்னேன்ல, யாரும் இல்லைன்னு. மிஷினு கோளாறு அண்ணாச்சி, சும்மா கெடந்தவனப் போட்டு ஒரு ஆட்டு ஆட்டிட்டு.”

ஞானதுரையின் தோள்களும் அந்தக் கணத்தில் தளர்ந்தன. ஸ்தோத்திரம் என்று வாய் முணுமுணுத்தது. எழுந்து நின்றார். அறுத்த மாலையைப் பார்த்தார். இதைத் திங்கட்கிழமைக்குள் புதிதாகக் கட்டிவிட வேண்டும் என்றுகூட நினைத்தார்.

அப்போதுதான் கையிலிருந்த போனை மறுபடி பார்த்தார்.

சைபர் என்றால் செய்தி அனுப்பு என்று அவர் எழுதியதே இல்லை. யாராவது இருந்தால்தான் செய்தி. யாரும் இல்லாவிட்டால் பெட்டி பேசாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. இன்னொன்றும் அவருக்குத் தெரியும். கரண்டோடு போவதைத் தவிர்த்தால், அந்த அட்டவணையிலிருந்து ஒரு பெயர் அழிவதற்கு அவர் வைத்திருந்தது ஒரே ஒரு வழிதான். அந்த ஆள் புறப்பட்டுப் போக வேண்டும்.

“பாண்டி, மூடியத் தூக்கு.”

“அதான் சைபருன்னு...”

“தூக்குலே!”

மில்லில் யாரையும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. கருத்தப்பாண்டி துள்ளி எழுந்து வளையத்தைப் பிடித்தான். இருவருமாக மூடியைப் புரட்டினார்கள்.

அவள் மூடிக்கு நேர் கீழே இருந்தாள். ஏணிப்படியில் உட்கார்ந்து, மேல்படியில் தலையைச் சாய்த்திருந்தாள். முடி, புருவம், இமை எல்லாம் பஞ்சு படிந்து வெளுத்திருந்தது. ஒரு கை மேலே தூக்கியபடி படிக்கம்பியில் மாட்டியிருந்தது. விரல் நுனிகள் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது. இரத்தம் இன்னும் காயவில்லை.

ஞானதுரை வயிறு தரையில் பட விழுந்து அந்தக் கையைப் பிடித்தார். சூடாக இருந்தது. உயிருள்ளவர்களின் கை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. உலுக்கினார், கூப்பிட்டார், மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். கருத்தப்பாண்டி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டே வெளியே ஓடினான். 

வின்சி சொன்னபோதே கிளம்பியிருந்தால். காப்பியை வைத்துவிட்டு எழுந்திருந்தால். யார் என்ன நினைப்பார்களோ என்று வீட்டில் உட்கார்ந்திருந்த அந்தக் காலை நேரம் முழுக்க, இவள் இங்கே இந்த இரும்பைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மேலே வண்டி நகர்ந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். அவர் கூப்பிட்டதும் கேட்டிருக்கும்.

“செத்த நேரம் பொறுத்திருக்கப்படாதா தாயி” என்று சொல்லிவிட்டு, அதைச் சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று வாய்விட்டு அழுதார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் அந்தக் கையை விடவில்லை. அது அவர் கைக்குள்ளேயே மெல்ல ஆறியது.